ஏணியக்கா வீட்டு மோடம்

அவளுக்குப் பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் படத்தோடு அச்சாகியிருக்கிறது. ஆனால் பத்தொன்பது வருஷமாக ஒரு மடக்கு ஏணியை வண்டியின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறவளை அட்டையைப் படித்துவிட்டா கூப்பிடுவார்கள்? ஏணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வண்டி தெருமுனையில் திரும்பினால் போதும், நாலு வீட்டிலிருந்து நாலு பேர் மோடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருகிற முகம்தான் எல்லோருக்கும்.

கம்பத்தில் ஏறி இன்டர்நெட் லைனைச் சரிபார்ப்பதும் வீட்டுக்குள் வந்து பெட்டியைச் சரிசெய்வதும் அவள் வேலை. கை சுத்தமான வேலைக்காரி. ஆனால் அவளைக் கம்பெனி கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் கை இல்லை, வாய். ஆபீஸில் மேலாளர், "அந்த ஆள் வாயை மூடிட்டு ரெண்டு நாள் இருக்கட்டும், பெரிய இடத்து வேலை நிக்குது" என்பார். அது வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்து சேரும்போது, "உங்க புகாரைத்தான் சார் மேலாளரே கையில எடுத்திருக்கார்" என்று ஆகியிருக்கும். வாடிக்கையாளர் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டியிருப்பார். ஆபீஸ் தாளில் அது, "வாடிக்கையாளர் சற்று வருத்தத்தில் உள்ளார்" என்று ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும். பூசி மெழுகுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதைப் பொய் என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். "நான் யார் காதையும் கடிக்கலையே, எல்லாருக்கும் நல்லதுதானே செய்யறேன்" என்பாள்.

இந்தத் திறமையை அவள் ஆபீஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

வீடு இரண்டு மாடி. கீழே அவளும் கணவனும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டே பேர். கணவன் பூட்டு ரிப்பேர்காரர். தெருமுனையில் அலமாரி அகலத்துக்கு ஒரு கடை. மேல்மாடியில் கணவனின் அண்ணன். தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் பிரித்து அடுக்கி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன் வெகு தூரத்து நகரத்தில் வேலையில் இருந்தான்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. படிக்கட்டில் எதிரும் புதிருமாக வந்துவிட்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் கைப்பிடியைப் பார்ப்பார். இத்தனைக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மின்சார மீட்டர், ஒரே வாசல். பேசாமல் எப்படி ஓடும்? ஏணியக்கா வழியாக ஓடியது.

"குழாயைத் திறந்து போட்டுட்டுப் போன மகராசன் யாருன்னு கேளும்மா" என்று மேலேயிருந்து வரும். கீழே வந்து சேரும்போது, "குழாய் லேசா சொட்டுதாம், பாத்துக்கச் சொன்னார்" என்று இருக்கும். "அவர் ரேடியோவுக்கு நான் என் காதைக் கழட்டி வெக்கணுமான்னு கேளு" என்று கீழேயிருந்து போகும். மேலே ஏறும்போது அது, "அவருக்குத் தலைவலி அத்தான், ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்" என்று மாறியிருக்கும். ஒருமுறை அண்ணன் பதறிப்போய், "தலைவலியா? இந்தா, இதைக் கொடு" என்று மாத்திரை எடுத்துக் கொடுத்தார். தலைவலி இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். படிக்கட்டிலேயே நின்று தண்ணீர்கூட இல்லாமல் அவளே விழுங்கினாள்.

இன்டர்நெட்டும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரே லைன். கீழ் வாசல் நிலைக்கு மேலே பலகை அடித்து மோடம் வைத்திருந்தார்கள். மேல்மாடிக்கென்று அண்ணன் மகன் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி அனுப்பினான். "வெச்சுக்கட்டும். என் பெட்டியில மட்டும் கை வெக்கக் கூடாது" என்றார் கணவர். அதனால் மோடத்திலிருந்து ஒரு கேபிள் மேலே போய் ரவுட்டரில் சொருகியது, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு காவல்காரர்கள். வேறு யார் வீட்டிலாவது இப்படி இருந்தால் ஏணியக்கா பத்து நிமிஷத்தில் சரிசெய்திருப்பாள். சொந்த வீட்டில் செய்யவில்லை.

இரண்டு மாதம் முன்னால் அண்ணன் மேல்மாடிக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏணியக்கா வேலை முடிந்து வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈரத்தரையில் கிடந்தார். கீழே தம்பி வீட்டில்தான் இருந்திருக்கிறார். இவர் கூப்பிடவில்லை. அவர் மேலே ஏறி வரவுமில்லை. விஷயம் தெரிந்ததும் மகன் ஆடிப்போய்விட்டான். உடனே ஒரு கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியும் அனுப்பினான். மேல் ஹாலில் மாட்டியாயிற்று. வீட்டுக்குள் இருந்து பார்த்தால் படம் பளிச்சென்று வருகிறது. மகன் தன் ஊரிலிருந்து திறந்தால் வெறும் கறுப்பு. மூன்று வாரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு அவன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"அப்பா, சனிக்கிழமைக்குள்ள என்னால உங்களப் பாக்க முடியலன்னா, ஞாயித்துக்கிழமை வந்து கையோட கூட்டிட்டு வந்துடுவேன். நீங்க விழுந்து கிடக்கறத நான் எப்பவோ கேள்விப்படறதுக்கு நான் எதுக்கு மகன்னு இருக்கணும்?"

அண்ணனுக்குப் போக மனமில்லை. மகன் வீடு ஒன்பதாவது மாடி. காலையில் எல்லோரும் வேலைக்குப் போனால் பொழுது சாய்கிற வரை ஒரு குரல் கேட்காது. "அங்க போனா நானும் ஜன்னலும்தாம்மா" என்றார் ஏணியக்காவிடம். "இங்கன்னா கீழ அவன் பூட்டைத் தட்டுற சத்தமாவது கேக்கும்." இதைத் தம்பியிடம் சொல்லச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அவள் மேலே போய், வேலை என்ன என்பதை அவருக்கு விளக்கினாள்.

"மோடத்துக்கு ரெண்டு வேலை அத்தான். ஒண்ணு, தெருக் கம்பியில வர்றதை வீட்டுல இருக்கற மெஷினுங்களுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கறது. அது அதோட பிறவி வேலை. ரெண்டாவது, வாசல் காவல். வீட்டுல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு உள் நம்பர் கொடுக்கும். வெளிய போற எல்லாத்தையும் தன் பேரைப் போட்டு அனுப்பும். பதில் வந்தா, இது யார் கேட்டதுன்னு ஞாபகம் வெச்சு அவங்ககிட்ட கொடுக்கும். யாரும் கேக்காம தானா வந்தா, 'இங்க அப்படி யாரும் இல்ல'ன்னு திருப்பி அனுப்பிடும்."

"சரி."

"உங்க ரவுட்டரும் அதே காவல் வேலையைப் பாக்குது. உங்க கேமரா ரெண்டாவது காவல்காரனுக்கு உள்ள இருக்கு. அவன்கிட்ட உங்க பையன் 'கேமராவைக் கேட்டு வந்தா விடு'ன்னு ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கான். உங்க பையன் வெளியிலேர்ந்து கூப்பிடறான். முதல் காவல்காரனுக்குக் கேமரான்னா என்னன்னே தெரியாது. திருப்பி அனுப்பிடறான்."

"அப்ப முதல் ஆளை வேலையை விட்டுத் தூக்கிடணுமா?"

"தூக்கக் கூடாது. அவன் இல்லன்னா கம்பியில வர்றது யாருக்கும் புரியாதே. காவல் வேலையை மட்டும் பிடுங்கிடணும். அதுக்குப் பேர் பிரிட்ஜ் மோடு. வர்றதை வர்றபடியே மேல தள்ளணும். பேர் மாத்தக் கூடாது, நம்பர் கொடுக்கக் கூடாது. லைனோட பாஸ்வேர்டுகூட உங்க ரவுட்டருக்குப் போயிடும். தெருவோட உண்மையான விலாசம் உங்க பெட்டிக்கு வந்துடும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, மூடின பை!" என்றார். "எங்க ஆபீஸ்ல உண்டும்மா. ஒரு ஊருக்குப் போற கடிதத்தையெல்லாம் பையில கட்டி முத்திரை வெச்சுடுவோம். நடுவுல நாலு ஆபீஸ் இருக்கும். யாரும் பையைத் திறக்கக் கூடாது. வாங்கு, அடுத்த வண்டியில ஏத்து, அவ்வளவுதான். என் சர்வீஸ்ல கடிதம் தொலைஞ்சதெல்லாம் நடுவுல எவனாவது பையைத் திறந்து, பிரிச்சு, மறுபடி கட்டின இடத்துலதான்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஏணியக்கா சிரிக்கவில்லை. "ஆமா அத்தான், அதேதான்" என்று சொல்லிவிட்டு, கேபிளை அளப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆறு வருஷம் முன்னால் அவள் ஒரு பையைத் திறந்திருந்தாள்.

அன்றைக்கு நல்ல மழை. மாமியார் ஆஸ்பத்திரியில். அண்ணன் பக்கத்தில் இருந்தார். கணவர் ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில், சாவி தொலைந்த இரும்புக் கதவு ஒன்றைத் திறக்கப் போயிருந்தார். அவர் கிளம்பியபோது அம்மா எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்; பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஏணியக்கா ஒரு வீட்டுக் கூரையோரம் ஏணியில் நின்றபோது அண்ணன் போன் செய்தார். தம்பியின் போனுக்கு முயன்றும் கிடைக்கவில்லை என்று இவளை அழைத்தார். "அவன் வந்தா போதும்மா. வேற எதுவும் வேண்டாம். அவனைத்தான் கேக்கறாங்க" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

கணவர் வண்டி ஓட்டுகிற லட்சணம் அவளுக்குத் தெரியும். சாதாரண நாளிலேயே பறப்பார். அதுவும் மழை. அம்மா கேட்கிறார் என்று இப்படியே சொன்னால் எந்த லாரிக்கு அடியில் போய் விழுவாரோ என்று பயந்தாள். நாலைந்து தடவை முயன்று லைன் கிடைத்ததும் சொன்னாள்: "உங்க அண்ணன் பேசினார். வேலையை முடிச்சுட்டு, முடிஞ்சா வரச் சொன்னார்."

அவர் வேலையை முடித்தார். நிதானமாக வந்தார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அம்மா போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற அண்ணன் எல்லோர் முன்னாலும், "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தம்பி வாயே திறக்கவில்லை. 'முடிஞ்சா வா' என்று ஏனோதானோவென்று சொல்லிவிட்டு ஊர் முன்னால் கேவலப்படுத்துகிறாரே என்று தம்பிக்கு. கெஞ்சிக் கூப்பிட்டும் பூட்டைத் திறந்து முடித்துவிட்டு வருகிறானே என்று அண்ணனுக்கு. இரண்டு பேருக்கும் தன் பக்கம் நியாயம் இருந்தது, அதனால்தான் இரண்டு பேருமே கேட்டுப் பார்க்கவில்லை. நடந்தது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் ஏணியக்கா. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினாள். ஒரு வருஷம் ஆன பிறகு சொல்வதற்கு வாயே வரவில்லை. அதற்கப்புறம் அவள் பூசி மெழுகியதெல்லாம் சமாதானத்துக்காக மட்டும் இல்லை. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பத்து நிமிஷம் பேசினால் அந்த மழைநாள் பேச்சு வெளியே வந்துவிடும். வராமல் பார்த்துக்கொண்டாள். இதை அவள் தனக்குத்தானேகூட ஒப்புக்கொண்டதில்லை. இந்தப் புதன்கிழமை மேல் ஹாலில் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொண்டால் மட்டும் பழக்கம் போய்விடுமா? வியாழக்கிழமை, கணவர் கடைக்குப் போனதும், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை முடித்தாள். மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டாள். பாஸ்வேர்டை மேல் ரவுட்டரில் ஏற்றினாள். பிரிட்ஜ் ஆன மோடத்தில் வைஃபை நின்றுவிடும். கீழ்வீட்டுக்கு என்ன வழி? மேல் ரவுட்டரிலிருந்து இன்னொரு கேபிளைக் கீழே இறக்கி, அலமாரிக்குப் பின்னால் ஒரு சின்ன வைஃபை பெட்டியை ஒளித்து வைத்தாள். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு. கணவரின் போனுக்கே வித்தியாசம் தெரியாது, கணவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

சாயங்காலம் அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தி! தெரியறார்! அப்பா, சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்க பாருங்க!" என்று கத்தினான். அண்ணன் கேமராவைப் பார்த்துக்கொண்டே பட்டனை அவிழ்த்து மாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஏணியக்காவுக்கும்தான்.

ஒரு விஷயத்தை அவள் மறந்துபோனாள். ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரையும் அவள் எச்சரிக்கிற விஷயம் அது. பிரிட்ஜ் போட்டால் மோடத்தில் இன்டர்நெட் விளக்கு அணைந்துவிடும். லைனுக்குள் நுழைகிற வேலை இப்போது ரவுட்டருடையது, அதனால் மோடம் தன் விளக்கை எரிப்பதில்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கும், பார்க்கிறவர்களுக்குத்தான் செத்துப்போன மாதிரி தெரியும். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பின்பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் நிலைக்கு மேலே பார்த்தார். விளக்கு இருட்டு. பெட்டியை இறக்கினார். பூட்டு ரிப்பேர்காரர் கையில் துளையுள்ள ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுக் குத்தாதே என்றால் கேட்பாரா? பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார், துளைக்குள் விட்டார், பத்து எண்ணுகிற வரை அழுத்திப் பிடித்தார். ரீசெட். கம்பெனிப் பெட்டிகள் அப்படி அழுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுக் கம்பெனியைக் கேட்டுத் தாமாகவே பழைய வேலைக்குத் திரும்பிவிடும். காவல்காரன் மறுபடி வாசலில் உட்கார்ந்தான். விளக்கு பச்சையாக எரிந்தது.

ஏணியக்கா அப்போது மூன்று தெரு தள்ளி ஒரு கம்பத்தில் இருந்தாள். அண்ணன் மகன் அழைத்தான். "சித்தி, படம் போயிடுச்சு. அப்பா போனை எடுக்கல. ஆறு தடவை அடிச்சுட்டேன்." ஏணியைக்கூட மடக்காமல் கம்பத்திலேயே விட்டுவிட்டு வண்டியை விரட்டினாள். அவள் ஓடி வந்தபோது அண்ணன் மொட்டைமாடியில் சாவகாசமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். போன் ஹாலில் கிடந்தது. மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவன் அப்பாவின் குரலைக் கேட்டதும் அழுதேவிட்டான். பிறகு இவளிடம், "போதும் சித்தி. இந்தக் கேமராவை நம்பி என்னால இங்க ஒரு வேலை பாக்க முடியாது. ஞாயித்துக்கிழமை வர்றேன். துணிமணியை எடுத்து வெக்கச் சொல்லுங்க" என்றான்.

கீழே இறங்கி வந்தால் கணவர் பெருமையாக நிலையைக் காட்டினார். "பெட்டி செத்துக் கிடந்தது. நீ பத்தொன்பது வருஷமா பண்றதை நான் ஒரே குத்துல பண்ணிட்டேன் பாரு. பச்சை!"

அவளுக்கு அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. பிரிட்ஜ், கேமரா, மேலிருந்து இறங்கிய கேபிள், அலமாரிக்குப் பின்னால் இருக்கிற பெட்டி, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் படிக்கட்டடியில் நின்று கொட்டினாள். சத்தம் கேட்டு அண்ணனும் மேல் படியில் வந்து நின்றார்.

கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப என் வீட்டு இன்டர்நெட்டு அவர் பெட்டி வழியாத்தான் வரணுமா? அவர் சுவிட்சை அணைச்சா நான் பேந்தப் பேந்த முழிக்கணுமா? போறதுன்னா போகட்டும்னு சொல்லு. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே நான் வேண்டாம்னு முடிவு பண்ணவர்தானே!"

பன்னிரண்டு படி உயரத்தில்தான் அண்ணன் நிற்கிறார். ஒரு எழுத்து விடாமல் அவருக்குக் கேட்டது. இருந்தாலும் அவரும் இவளைப் பார்த்துத்தான் சொன்னார். "பெட்டியை அவனே கட்டிக்கிட்டு இருக்கட்டும்னு சொல்லும்மா. பெத்தவளுக்கே வராதவன் எனக்காக வரப்போறானா?"

சொல்லிவிட்டு இரண்டு பேரும் இவள் வாயைப் பார்த்தார்கள். நேரே கேட்ட பேச்சை இவள் வழியாக இன்னொரு தடவை கேட்கக் காத்திருந்தார்கள். அந்த அளவுக்கு அவர்களைப் பழக்கி வைத்திருந்தாள். நாக்கு நுனிக்கு வார்த்தைகளும் தயாராக வந்து நின்றன. 'அவருக்கு நீங்க போறது வருத்தம் அத்தான், அதான் கோவத்துல...' என்று மேலே சொல்லலாம். 'உங்க அண்ணன் மனசு கஷ்டத்துல...' என்று கீழே சொல்லலாம். அண்ணன் நல்லபடியாகக் கிளம்பிப் போய்விடுவார். அந்த மழைநாளும் அவரோடு ஒன்பதாவது மாடிக்குப் போய்விடும். யாருக்கும் எப்போதும் தெரியாது. அவளுக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தபோதே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஏழாவது படிவரை ஏறி நின்றாள்.

"அத்தான், நீங்க அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்னீங்க? 'அவன் வந்தா போதும், அவனைத்தான் கேக்கறாங்க'ன்னு சொன்னீங்க." கீழே திரும்பினாள். "நான் உங்ககிட்ட சொன்னது, 'வேலையை முடிச்சுட்டு, முடிஞ்சா வரச் சொன்னார்'னு. மழையில வண்டியை வேகமா ஓட்டுவீங்கன்னு மாத்திட்டேன். அண்ணன் உங்களை வேண்டாம்னு சொல்லல. அத்தான், உங்க தம்பி வராம இருக்கல. நடுவுல நான்தான் மாத்தினேன்."

கணவர் தலையை நிமிர்த்தி மேல் படியைப் பார்த்தார்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றார் கணவர்.

பழக்கதோஷத்தில் ஏணியக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். கேள்வி தனக்கில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

"கேட்டுக்கிட்டே இருந்தாங்கடா" என்றார் அண்ணன். "வாசல்ல செருப்புச் சத்தம் கேக்கறப்பல்லாம், 'சின்னவனா'ன்னு கேட்டாங்க. நர்ஸ் வந்தாக்கூடக் கேட்டாங்க. நான், 'வந்துட்டிருக்கான், வந்துட்டிருக்கான்'னு சொன்னேன்."

கணவர் முதல் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ஏழாவது படியில் ஏணியக்கா சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் தாண்டிப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் முதுகும் ஒரே அச்சாக இருந்தன. அவர்கள் பேசியது முழுவதும் அவள் காதில் விழவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

அன்று சாயங்காலமே மோடம் மறுபடி பிரிட்ஜ் ஆனது. கணவர் அவளிடம் சொல்லவில்லை. "அண்ணே, பெட்டியை எப்படி வேணா வெச்சுக்கச் சொல்லுங்க அவளை" என்றார். அவள் ரீசெட் துளையின்மேல் ஒட்டுப்பட்டை ஒட்டினாள். சனிக்கிழமை மகன் கேமராவைத் திறந்து பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் போன் செய்தான். "அப்பா, வீட்டுக்குள்ள யாரோ ஒருத்தர் உங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கார்!" மேலிருந்து பார்த்தால் வெறும் வழுக்கைதானே தெரியும், சித்தப்பாவை எப்படி அடையாளம் காண்பான்? விஷயம் தெரிந்ததும் வெகுநேரம் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

ஆக, அண்ணன் போகவில்லை. ஏணியக்காவிடம் மட்டும் கணவர் பேசவில்லை. ஒன்பது நாள். அவள் எழும்முன் கடைக்குப் போனார், சாப்பாட்டை அண்ணனோடு மேலே வைத்துக்கொண்டார். அவளுக்கு வந்து சேர்வதெல்லாம் அண்ணன் வழியாகத்தான். அவரும் மனிதர்தானே, இளகிய மனசு. "அவனுக்கு இன்னைக்கும் பசியில்லையாம்மா, கீழ வரலைன்னான்" என்றார் பத்தாம் நாள் காலையில்.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அவர் சொன்னது அதுதானா அத்தான்?"

முப்பத்திரண்டு வருஷம் பையைத் திறக்காத மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லம்மா."

"அவர் சொன்னபடியே சொல்லுங்க."

"வேண்டாமே..."

"சொல்லுங்க அத்தான்."

"'அவ கையால எதுவும் வேண்டாம். அவ மூஞ்சியைப் பாத்தா, அம்மா வாசலைப் பாத்துட்டே கிடந்ததுதான் கண்ணுக்குள்ள வருது'ன்னான்."

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆறு வருஷமாக அவள் யாருக்கும் கொடுக்காத வலி அது, தானும் வாங்காதது. அண்ணன் தவித்துப்போய், "பதிலுக்கு அவன்கிட்ட நான் என்னம்மா சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே போறேன்."

கம்பெனிக்குப் போன் செய்து மத்தியானம் வரை வரமுடியாது என்றாள். காரணம் கேட்டபோது உடம்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்து, "வீட்டுக்காரரோட பேச வேண்டியிருக்கு" என்றாள். தெருமுனை வரை நடந்தே போனாள். கணவர் கடையில் ஒரு சாவியை இடுக்கியில் பிடித்து அரம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கடைக்குள் ஒரு ஆள்தான் நிற்க முடியும், அதனால் அவள் வாசலிலேயே நின்றாள்.

"அன்னைக்கு மாத்திச் சொன்னது பயத்துல" என்றாள். "உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. ஆனா அது ஒரு நாள் தப்புதான். மீதி ஆறு வருஷமும் உங்களுக்காக இல்ல. நான் மாட்டிக்கக் கூடாதுன்னு மறைச்சேன்."

அரம் நின்றது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மாசம் கத்தியிருப்பேன்" என்றார் அவர், சாவியைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு மாசம் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதான் ஆகியிருக்கும். ஆறு வருஷமா எங்கண்ணன் என் தலைக்கு மேல நடந்துட்டிருந்தார். காலடிச் சத்தத்தைக் கேட்டுட்டே படுத்திருந்தேன். அவர் விழுந்த அன்னைக்கும் சத்தம் கேட்டுது. ஏதோ சாமானை உருட்டறார்னு நெனச்சேன். பேச்சு இருந்திருந்தா ஏறிப் போய்ப் பாத்திருப்பேன்ல?"

சொல்வதற்கு அவளிடம் எத்தனையோ இருந்தன. எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்று சொல்லலாம், எத்தனை தடவை சொல்ல வந்து நின்றாள் என்று சொல்லலாம், மாத்திரை விழுங்கிய கதையைக்கூடச் சொல்லலாம்.

"ஆமாங்க" என்றாள்.

அவர் அரத்தை எடுத்தார், சாவியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார்.

"வாசல்ல நின்னா வெளிச்சம் மறைக்குது" என்றார். பிறகு காலால் முக்காலியிலிருந்த பூட்டுப் பெட்டியைத் தள்ளினார். "உள்ள வந்து உட்காரு."